முதன்மைச் சான்றுகளைக் கொண்டு குடிமை உரிமை வரலாறு: ஆசிரியர்களுக்கு எப்படிப் பயிற்சி கொடுப்பது?

செம்மண் டீச்சர் (இழையைத் தொடங்கியவர்)

ஜார்ஜியா மாநிலத்தில் ஓர் அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் நடத்துகிறேன். எங்கள் வட்டாரத்தில் இருபது ஆசிரியர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி நடத்தும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. கறுப்பின மக்களின் குடிமை உரிமை இயக்கத்தைக் கடிதம், துண்டறிக்கை, காவல் துறை அறிக்கை போன்ற முதன்மைச் சான்றுகளை வைத்துக் கற்பிக்க வேண்டும் என்பது தலைப்பு. இங்கே தமிழில் கேட்பதற்குக் காரணம் உண்டு. ஆங்கிலக் குழுக்களில் கேட்டால் பத்தாவது பதிலுக்குள் கட்சிச் சண்டை வந்துவிடுகிறது.

என் தோல்வியை முதலில் சொல்லிவிடுகிறேன். போன ஆண்டு இதே தலைப்பில் ஒரு பயிற்சிக்கு நானே போயிருந்தேன். தடித்த கோப்பு ஒன்றைக் கொடுத்தார்கள். உள்ளே பதினொரு ஆவணங்கள். நடத்தியவர் திரையில் இருந்ததைத் திரையில் இருந்தபடியே வாசித்தார். மதியச் சாப்பாடு நன்றாக இருந்தது. ஊர் திரும்பியதும் பதினொன்றையும் வகுப்பில் இறக்கினேன். பிள்ளைகள் புரட்டினார்கள், பார்த்தார்கள், "இதில் எது தேர்வுக்கு வரும்?" என்று கேட்டார்கள். நான் மறுபடி பாடநூலைத் திறந்துவிட்டேன்.

அதே கோப்பை இருபது பேருக்கு நானும் கொடுத்துவிட்டு வரக்கூடாது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பழைய கரும்பலகை

அம்மா, தமிழ்நாட்டில் முப்பத்தொரு வருடம் வரலாற்று ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வட்டார வள மையத்தில் கருத்தாளராக நின்று, நீங்கள் சொல்லும் அதே பாவத்தைப் பல முறை செய்திருக்கிறேன். அமெரிக்க வரலாறு எனக்கு மேலோட்டமாகத்தான் தெரியும். ஆனால் பயிற்சி எங்கே கெட்டுப்போகிறது என்பது தெரியும்.

ஆசிரியருக்குக் கதை ஏற்கெனவே தெரியும். ஆவணத்தை அந்தக் கதைக்குப் படம் காட்டுவதுபோலக் காட்டுவார். "பார்த்தீர்களா, நான் சொன்னதுதான் இதிலும் இருக்கிறது." பிள்ளைக்கு அப்புறம் அதைப் படிக்க என்ன அவசியம்? டீச்சர்தான் சொல்லிவிட்டாரே. ஆகவே முதல் நாள் முதல் மணி நேரத்தில் ஆசிரியருக்குத் தெரிந்த கதையை உடைக்கிற ஆவணம் ஒன்று வேண்டும். அவர் தடுமாற வேண்டும். தடுமாறாதவர் பிள்ளையின் தடுமாற்றத்தைப் பொறுத்துக்கொள்ள மாட்டார். அப்படி ஓர் ஆவணம் உங்கள் பாடத்தில் இருக்கிறதா?

ஆவணப்பூச்சி

இருக்கிறது, ஐயா. எல்லாருக்கும் தெரிந்த கதையிலேயே இருக்கிறது.

நான் இங்கே ஓர் ஆவணக் காப்பகத்தில் வேலை பார்க்கிறேன். பள்ளி ஆசிரியர்கள் வந்தால் காகிதங்களை எடுத்துவைப்பது என் பொறுப்பு. எந்த ஆசிரியரிடமும் ரோசா பார்க்ஸ் பற்றிக் கேளுங்கள். "வேலை முடிந்து களைத்துப்போன தையல்காரப் பெண், பஸ்ஸில் வெள்ளையர் பகுதியில் உட்கார்ந்தார், எழ மறுத்தார், கைதானார், இயக்கம் பிறந்தது." ஒப்பிப்பார்கள்.

இப்போது மூன்று காகிதங்களை மேசையில் வையுங்கள்.

ஒன்று, 1955 டிசம்பர் 1 அன்று அலபாமா மாநிலத்தின் மான்ட்கமரி நகரக் காவல் துறை எழுதிய அறிக்கை. வெள்ளையர் பகுதியில் ஒரு கறுப்பினப் பெண் உட்கார்ந்திருக்கிறார், பின்னால் போக மறுக்கிறார் என்று பஸ் ஓட்டுநர் சொன்னதாக அதில் இருக்கிறது. குற்றப் பிரிவு: நகரச் சட்டத் தொகுப்பின் ஆறாம் அத்தியாயம், பதினொன்றாம் பிரிவு.

இரண்டு, அந்த பஸ்ஸின் இருக்கைப் படம். பஸ்களில் இனப் பிரிவினையை எதிர்த்த பிரவுடர் எதிர் கேயில் வழக்கில் நீதிமன்றத்தில் தாக்கலான சான்று அது; இன்று அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. மொத்தம் 36 இருக்கைகள். முன்னால் உள்ள 10 வெள்ளையருக்கு. பார்க்ஸ் உட்கார்ந்திருந்தது அந்தப் பத்துக்கு அடுத்த வரிசையில்! முன்பகுதி நிரம்பி ஒரு வெள்ளையர் நின்றபோது, அந்த வரிசையில் இருந்த நான்கு பேரையும் ஓட்டுநர் எழச் சொன்னார். மூவர் எழுந்தார்கள்.

மூன்று, அந்தப் பதினொன்றாம் பிரிவின் வாசகம். தன் இனத்துக்கு ஒதுக்கிய பகுதியில் காலி இருக்கை இருந்தால்தான், ஊழியர் சொல்லும்போது பயணி அங்கே மாற வேண்டும் என்கிறது அது. அன்று பின்னால் காலி இருக்கையே இல்லை. அப்படியானால் அவர் மீறிய சட்டம் எது?

இந்தக் கேள்வியை இப்படியே விட்டுவிட்டு நான் தேநீர் குடிக்கப் போய்விடுவேன். திரும்பி வரும்போது அறை சந்தைக்கடை மாதிரி இருக்கும். "அப்படியானால் காவல் துறை பொய் எழுதியதா?" "ஓட்டுநர் சொன்னதைத்தானே எழுதியிருக்கிறது?" "வெள்ளையர் பகுதி என்பது எங்கே முடிகிறது, அதைத் தீர்மானிப்பது யார்?" கடைசிக் கேள்விக்கு வந்துவிட்டால் பாதிப் பாடம் முடிந்தது. அந்தக் கோட்டை பஸ் ஓட்டுநர் நினைத்த இடத்துக்கு நகர்த்தலாம் என்பதுதான் அந்த அமைப்பின் இயல்பு. டிசம்பர் 5 அன்று விசாரணைக்கு வந்தபோது அரசுத் தரப்பும் நகரச் சட்டத்தை விட்டுவிட்டு மாநிலச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டது. அபராதம் 10 டாலர், நீதிமன்றச் செலவு 4 டாலர்.

செம்மண் டீச்சர்

ஒன்பது ஆண்டுகளாக "வெள்ளையர் பகுதியில் உட்கார்ந்தார்" என்றுதான் நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இப்போது அந்தப் படத்தைத் திறந்துவைத்து வரிசை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

எதிர்க்குரல்

எல்லாரும் மயங்கிப்போவதற்குள் குளிர்ந்த நீரை ஊற்றிவிடுகிறேன். வாரத்துக்கு ஐந்து வகுப்பு, வகுப்புக்கு ஐம்பது நிமிடம். 1865 தொடங்கி 1968 வரை ஓட வேண்டும். ஒரு பஸ் இருக்கைக்கு இரண்டு வகுப்பைச் செலவிட்டால் செல்மா வாக்குரிமைப் பேரணிக்கு எப்போது போவது? பின்னணி தெரியாத பிள்ளை ஆவணத்தைப் படித்தால் தனக்குத் தோன்றியதைத்தான் அதில் படிக்கும். பாடநூல் ஒரு சட்டகத்தையாவது தருகிறது.

இன்னொன்று. மேலே வைத்த மூன்றும் யார் எழுதியவை? காவல் துறை, நீதிமன்றம், நகராட்சி. ஆவணம் ஆவணம் என்று போனால் ஆண்டவர்களின் குரலைத்தான் பிள்ளைகளுக்குக் கேட்கக் கொடுப்போம்.

பழைய கரும்பலகை

முதல் கேள்வி நியாயமானது. பத்து ஆவணம் வேண்டாம், ஒரு பருவத்துக்கு இரண்டு இடத்தில் நின்றால் போதும். மற்ற இடங்களில் ரயில் நிற்காமல் போகட்டும். எல்லா நிலையத்திலும் நிற்கிற வண்டியில் எவனும் ஊர் போய்ச் சேர்ந்ததில்லை.

ஆவணப்பூச்சி

எதிர்க்குரலின் இரண்டாவது கேள்விக்கு நான் வருகிறேன். அது சரியான அடி.

அதே மான்ட்கமரியில் நான்காவதாக ஒரு காகிதம் இருக்கிறது. 1954 மே 21 தேதியிட்ட கடிதம். நகரத் தந்தை கேயிலுக்கு மகளிர் அரசியல் கழகத்தின் சார்பில் ஜோ ஆன் ராபின்சன் எழுதியது. அவர் அலபாமா மாநிலக் கல்லூரியில் ஆங்கிலப் பேராசிரியை. கடிதத்தின் நடை மிகப் பணிவானது. கோரிக்கைகளும் சிறியவை: கறுப்பினத்தவர் பின்னாலிருந்தும் வெள்ளையர் முன்னாலிருந்தும் இருக்கைகள் தீரும் வரை உட்காரட்டும், முன் வாசலில் காசு கொடுத்துவிட்டு இறங்கிப் பின் வாசலுக்கு ஓடச் சொல்ல வேண்டாம், வெள்ளையர் குடியிருப்புகளில் நிற்பதுபோல எங்கள் தெருக்களிலும் ஒவ்வொரு முனையிலும் பஸ் நிற்கட்டும். அப்புறம்தான் கத்தி வெளியே வருகிறது. பயணிகளில் முக்கால்வாசி நாங்கள். நாங்கள் ஏறாவிட்டால் உங்கள் பஸ் ஓடாது. இருபத்தைந்துக்கு மேற்பட்ட அமைப்புகள் ஏற்கெனவே புறக்கணிப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கின்றன.

தேதியைப் பாருங்கள். பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று பிரவுன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது மே 17. நான்கே நாளில் இந்தக் கடிதம். ரோசா பார்க்ஸ் கைதாவதற்கு ஒன்றரை வருடம் முன்பு. "களைத்துப்போன பெண், திடீர் எழுச்சி" என்ற கதை இந்த ஒரு தேதியில் செத்துப்போகிறது.

பார்க்ஸ் கைதான இரவில் அதே ராபின்சன் கல்லூரிக்குப் போய், சக ஊழியர் ஒருவரும் மாணவர்கள் இருவரும் துணையிருக்க, விடிய விடிய ரோனியோ இயந்திரத்தில் பல்லாயிரம் துண்டறிக்கைகளை ஓட்டி எடுத்தார். திங்கட்கிழமை யாரும் பஸ் ஏற வேண்டாம் என்ற அழைப்பு அது. கீழே கையெழுத்து இல்லை. ஏன் இல்லை என்று பயிற்சியில் கேளுங்கள். அரசு சம்பளம் வாங்குகிற ஆசிரியர்களுக்கு விளக்கம் தேவைப்படாது.

கைக்கு எட்டிய காகிதங்களைத்தான் நான் சொன்னேன். ஆண்டவர்களின் காகிதம் எளிதில் கிடைக்கும், மற்றது தேடினால்தான் கிடைக்கும். இந்த வித்தியாசத்தையே ஒரு மணி நேரம் பாடமாக வைக்கலாம்.

தென்கரை அப்பா

நான் ஆசிரியன் இல்லை. மிசிசிப்பியில் இருக்கிற ஒரு தகப்பன். என் மகளின் வகுப்பில் ஒரு நாள் "எழுத்தறிவுத் தேர்வு" என்று ஒரு தாளைக் கொடுத்து, பத்து நிமிடத்தில் எழுதச் சொல்லி, எல்லாரும் தோற்றதும் "பார்த்தீர்களா, அன்று இவர்களுக்கு இப்படித்தான் வாக்குரிமை மறுக்கப்பட்டது" என்றார்களாம். பாதி வகுப்பு சிரித்திருக்கிறது, புதிர் விளையாட்டு மாதிரி. பக்கத்தில் இருந்த கறுப்பினச் சிறுமி மட்டும் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டாளாம். என் மகள் வீட்டுக்கு வந்து அதைத்தான் சொன்னாள், தேர்வைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

ஆவணப்பூச்சி

லூயிசியானாவின் முப்பது கேள்வித் தாளாக இருக்கும். ஒரு கேள்வி தவறினாலும் தோல்வி என்று மேலேயே அச்சிட்டிருக்கும். 1964-ஐச் சேர்ந்தது. அதைத் தெற்கு முழுவதும் பயன்படுத்தியதுபோலக் காட்டுவதுதான் வழக்கமான பிழை. எந்த மாநிலம், எந்த வட்டாரம், எந்த ஆண்டு என்று கேட்காமல் எந்தத் தாளையும் வகுப்புக்குள் விடக்கூடாது என்பது பயிற்சியின் முதல் விதியாக இருக்க வேண்டும்.

உங்கள் மிசிசிப்பியில் நடந்தது வேறு விதம். வாக்காளர் பதிவு விண்ணப்பம் எல்லாருக்கும் ஒன்றுதான். மாநில அரசியல் சாசனத்தில் 285 பிரிவுகள். எதைப் படித்துப் பொருள் எழுத வேண்டும் என்பதைப் பதிவாளர் தேர்ந்தெடுப்பார், எழுதிய பொருள் சரியா என்பதையும் அவரே தீர்மானிப்பார். வாக்காளர் பதிவு ஏடுகளைப் பார்க்கும் அதிகாரத்தை 1960-ஆம் ஆண்டுச் சட்டம் மத்திய நீதித் துறைக்குக் கொடுத்த பிறகு, அவர்கள் செய்த வேலை என்ன தெரியுமா? வெள்ளையர் எழுதிய விண்ணப்பங்களையும் கறுப்பினத்தவர் எழுதியவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். அதையே வகுப்பிலும் செய்யலாம். பிள்ளைகளைத் தேர்வு எழுத வைத்து அவமானத்தை நடிக்கச் சொல்ல வேண்டியதில்லை. வழக்கறிஞராக உட்காரவைத்து அநீதியைக் கண்டுபிடிக்கச் சொல்லலாம்.

செம்மண் டீச்சர்

அந்தச் சிறுமி தாளைக் கவிழ்த்தது மனத்தை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

எனக்கும் ஒன்று நடந்தது. ராபின்சனின் துண்டறிக்கையை வகுப்பில் உரக்கப் படித்தேன். கறுப்பினத்தவரை அன்று அவர்களே அழைத்துக்கொண்ட சொல் முதல் வரியிலேயே வருகிறது. என் வாயில் அது வந்ததும் குரல் இறங்கிவிட்டது. இருபத்தாறு தலைகளும் என்னைப் பார்த்தன. பயிற்சி கொடுத்தவர்கள் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதை முன்கூட்டியே பேசியிருக்க வேண்டும்: அது எந்தக் காலத்துச் சொல், யார் யாரைப் பார்த்துச் சொன்னது, உரக்கப் படிப்பதா மௌனமாகப் படிப்பதா.

அதே நாளில் ஒரு பையன் கேட்டான்: "டீச்சர், அந்த பஸ்ஸில் நீங்கள் எங்கே உட்கார்ந்திருப்பீர்கள்?" அவன் கேட்டதில் கேலி இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை.

ஆவணப்பூச்சி

அதற்கு ஒரே பதில் கிடையாது. ஊர், உடை, ஓட்டுநரின் மனநிலை எல்லாம் சேர்ந்து தீர்மானித்திருக்கும். ஆனால் கையில் வைத்துக்கொள்ள ஒரு நிகழ்ச்சி உண்டு. 1964 மே மாதம் ராம் மனோகர் லோகியா மிசிசிப்பியின் ஜாக்சன் நகரில் ஓர் உணவகத்துக்குப் போனார். உள்ளே விடவில்லை. போக மறுத்தார், காவலர்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். இந்திய நாடாளுமன்ற உறுப்பினர் என்பதால் அமெரிக்க வெளியுறவுத் துறை வருத்தம் தெரிவித்தது. அதே வாசலில் திருப்பி அனுப்பப்பட்ட உள்ளூர்க்காரருக்கு யார் வருத்தம் தெரிவித்தார்கள் என்று உங்கள் பையனிடமே கேளுங்கள்.

நாம் பலர் இங்கே வந்து உட்கார்ந்திருப்பதே 1965 குடியேற்றச் சட்டத்தால். வாக்குரிமைச் சட்டத்தை நிறைவேற்றிய அதே அமெரிக்க நாடாளுமன்றம், அதே ஆண்டு. நம் சங்கக் கூட்டங்களில் இதை யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

எதிர்க்குரல்

சரி, பாதி ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு நடைமுறைக் கேள்வி. ஜார்ஜியாவில் 2022-இல், இனம் பற்றிய "பிளவு உண்டாக்கும் கருத்துகள்" என்று சொல்லப்படுபவற்றைப் பள்ளியில் கற்பிக்கத் தடை போடும் சட்டம் வந்திருக்கிறது. வேறு சில மாநிலங்களிலும் அதற்கு ஓர் ஆண்டு முன்பே வந்துவிட்டது. உங்கள் இருபது பேரில் பாதிப் பேர் புகாருக்குப் பயந்துகொண்டுதான் வருவார்கள். அந்தப் பயத்தைத் தொடாமல் பயிற்சி கொடுத்து என்ன பயன்?

பழைய கரும்பலகை

பயந்தவருக்கு ஆவணம் நல்ல துணை என்று எனக்குப் படுகிறது. "நான் சொல்லவில்லை, 1955-இல் காவல் துறை எழுதியது" என்று காட்டலாமே?

செம்மண் டீச்சர்

ஐயா, நானும் அப்படித்தான் நினைத்தேன். ஓரளவு உண்மை. ஆனால் எந்தக் காகிதத்தைத் தேர்ந்தெடுத்தேன் என்பதையே புகாராக்கலாம். எம்மெட் டில்லின் சடலப் படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1955 ஆகஸ்டில் மிசிசிப்பியில் கொல்லப்பட்ட பதினான்கு வயதுப் பையன். உலகம் பார்க்கட்டும் என்று சவப்பெட்டியைத் திறந்து வைத்தவர் அவன் தாய். அந்தத் தாயின் முடிவை மதித்துக் காட்டுவதா, பதின்மூன்று வயதுப் பிள்ளைகளை நினைத்து மறைப்பதா? நான் காட்டுவதில்லை. தாய் ஏன் அந்த முடிவெடுத்தார் என்பதையும், கொலையாளிகளை நடுவர் குழு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் பேசிவிட்டு விடுவித்ததையும் வைத்து நடத்துகிறேன். இது சரியா என்பதில் எனக்கே உறுதி இல்லை. பயிற்சியில் முடிவு சொல்லப் போவதில்லை. ஒவ்வொருவரும் தன் வகுப்பு, தன் தலைமை ஆசிரியர், தன் ஊர் ஆகியவற்றை நினைத்து எழுதிப் பார்க்கட்டும்.

ஆவணப்பூச்சி

பயம் பற்றிய பேச்சு வந்ததால் செப்டிமா கிளார்க்கைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் நாற்பது ஆண்டு அனுபவமுள்ள ஆசிரியை. கறுப்பினத்தவர் முன்னேற்றச் சங்கத்தில் (NAACP) உறுப்பினராக இருக்கும் அரசு ஊழியருக்கு வேலை கிடையாது என்று மாநிலம் சட்டம் போட்டது. அவர் உறுப்பினர் பதவியை விடவில்லை. 1956-இல் வேலை போயிற்று, ஓய்வூதியமும் போயிற்று.

அதன் பிறகு அவர் செய்தது உங்கள் பயிற்சிக்கு முன்னோடி. 1957 ஜனவரியில் ஜான்ஸ் தீவில், வாக்காளராகப் பதிவு செய்யப் பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்கும் முதல் குடியுரிமைப் பள்ளி தொடங்கியது. நடத்த ஆள் தேடியபோது பட்டம் பெற்ற ஆசிரியரைத் தேர்ந்தெடுக்காமல், பெர்னிஸ் ராபின்சன் என்ற சிகை அலங்காரக் கலைஞரைத் தேர்ந்தெடுத்தார்கள். "எனக்குக் கற்பிக்கத் தெரியாது" என்று அவர் தயங்கியிருக்கிறார். வந்த பெரியவர்களிடம் எதைக் கற்க ஆசை என்று கேட்டுவிட்டுத்தான் தொடங்கினார். அவர்கள் கையில் இருந்த பாடப்புத்தகம் என்ன? மணியார்டர் படிவம், அஞ்சல் வழிக் கடையின் கொள்முதல் படிவம், வாக்காளர் பதிவு விண்ணப்பம். அந்த விண்ணப்பத்தை நாம் இன்று கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து முதன்மைச் சான்று என்கிறோம். அவர்களுக்கு அது அடுத்த வாரம் நிரப்ப வேண்டிய தாள்.

பிறகு ஜார்ஜியாவின் டார்ச்செஸ்டர் மையத்தில் ஐந்து நாள் பயிற்சி வைத்து நூற்றுக்கணக்கானவர்களை ஆசிரியராக்கினார்கள். உங்கள் மாநிலம்தான், டீச்சர். முடிந்தால் இரண்டாம் நாளை அங்கேயே வையுங்கள்.

தென்கரை அப்பா

டார்ச்செஸ்டர் பற்றி இத்தனை வருடம் தெற்கில் இருந்தும் எனக்குத் தெரியாது. நான் மகளைக் கூட்டிக்கொண்டு போகிறேன்.

எதிர்க்குரல்

இரண்டாம் நாளுக்கு நானும் ஒன்று தருகிறேன், திட்டிக்கொண்டே இருந்தேன் என்ற பெயர் வேண்டாம். 1963 ஆகஸ்ட் 28, வாஷிங்டன் பேரணி. மாணவர் இயக்கத் தலைவர் ஜான் லூயிஸ் எழுதி வைத்திருந்த உரைக்கும் மேடையில் பேசிய உரைக்கும் வித்தியாசம் உண்டு. அரசின் குடிமை உரிமை மசோதாவை முழுமனத்துடன் ஆதரிக்க முடியாது என்றிருந்த இடம், பெரும் தயக்கங்களுடன் ஆதரிக்கிறோம் என்று மாறியது. பேராயர் ஒருவர் எதிர்த்ததால் மூத்த தலைவர்கள் லூயிஸிடம் உரையை மாற்றச் சொன்னார்கள். இரண்டையும் அருகருகே வைத்தால் இயக்கத்துக்குள் இருந்த சண்டை தெரியும். கிங் கனவு கண்டார், சட்டம் வந்தது என்று தேவாரம் பாடுகிற ஆசிரியர்களுக்கு இது மருந்து.

செம்மண் டீச்சர்

எல்லாருக்கும் நன்றி. இப்போதைக்கு என் திட்டம் இப்படி நிற்கிறது. கோப்பு கொடுக்கப் போவதில்லை. முதல் நாள் காலை பஸ்ஸின் மூன்று காகிதங்கள் மட்டும், நான் வாயைத் திறக்க மாட்டேன். மதியம் 1954 கடிதமும் கையெழுத்தில்லாத துண்டறிக்கையும். அதன் பிறகு, உரக்கப் படிக்கத் தயங்கும் சொல், காட்டத் தயங்கும் படம். இரண்டாம் நாள் மிசிசிப்பி விண்ணப்பமும் லூயிஸின் இரண்டு உரைகளும். பிற்பகலில் ஒவ்வொருவரும் ஒரே ஓர் ஆவணத்துக்கு ஒரே ஒரு கேள்வி எழுத வேண்டும். அதைப் பக்கத்து ஆசிரியர்மேல் சோதித்துப் பார்க்க வேண்டும்.

ஆவணப்பூச்சி

பஸ் படத்தைப் பெரிய தாளில் அச்சிடுங்கள். சாதாரணத் தாளில் எழுத்துகள் தெரியாது. கண்ணாடியை மறந்துவிட்டு வருகிற ஆசிரியர் ஒருவராவது இருப்பார். இன்னொன்று: காங்கிரஸ் நூலகத்தில் ரோசா பார்க்ஸின் காகிதங்கள் இருக்கின்றன. அவற்றில் ஓர் உறையின் பின்பக்கத்தில் அவர் எழுதிவைத்த அப்பத்தின் சமையல் குறிப்பு கிடைக்கும், வேர்க்கடலை வெண்ணெய் சேர்த்தது. மதிய இடைவேளையில் அதைத் திரையில் போட்டுவையுங்கள்.

பழைய கரும்பலகை

செய்து பார்த்துவிட்டு எப்படி வந்தது என்று இங்கே எழுதுங்கள், அம்மா. பயிற்சியையும் அப்பத்தையும்.